பத்தே முக்காலுக்கு விழுந்த பெயர்கள்

சுபாஸ்கரனின் வீட்டில் மூன்று பேரும் பாய் விரித்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது. பத்துக்குப் பத்து அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்த ஈரம். பதினொரு வயது மகள் தக்சிகாவுக்கு ஐப்பசி பிறந்தால் இழுப்பு வந்துவிடும். ஈரமில்லாத அறைக்கு மாறுங்கள் என்று டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாறுவதற்கு முகாமில் வேறு அறை கிடையாது.

மண்டபத்துக்கு மேற்கே, ராமேஸ்வரம் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் சின்ன இலங்கை அகதி முகாம் அது. நூற்றிமுப்பத்தொரு குடும்பங்கள். தொண்ணூறாம் ஆண்டில், இரண்டு வயதில், தாயின் மடியில் படகேறி வந்தவன் சுபாஸ்கரன். அக்கரை எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. இங்கேயே பள்ளி, ராமநாதபுரத்தில் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வகுப்பு. அதற்குப் பிறகு வழி அடைத்துவிட்டது. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். பெரிய கம்பெனிகளில் நேர்முகத் தேர்வு வரை போனான். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூமிநாதனின் ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தான். பதினான்கு வருடம் ஆகிறது.

பூமிநாதன் அபிராமத்துப் பக்கம் மிளகாய்க்காடு உள்ள குடும்பம். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுபாஸ்கரனுக்குத் தெரியும் என்பதுதான். விண்ணப்பம் நிரப்ப வரும் கூட்டத்துக்கு நடுவில் அவன் வெளியாருக்கும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுப்பான். ஐஸ் பேக்டரிக்கு பில், நண்டு கம்பெனிக்கு வருகைப் பதிவு, உத்தரகோசமங்கையில் திருவிழாவுக்கு வரும் வண்டிகளை நிறுத்த டோக்கன். எதிலும் பிழை வந்ததில்லை. முகாமில் அவனுக்கு இருந்த மரியாதை அதனால் வந்தது.

போன ஆவணியில், வெளியூர் அறக்கட்டளை ஒன்று முகாமுக்குப் பின்னாலிருந்த மேட்டு நிலத்தில் நாற்பத்தெட்டு வீடு கட்டி முடித்தது. கான்கிரீட் கூரை, இரண்டு அறை, தனியாகச் சமையலறை, உள்ளேயே கழிப்பறை. யாருக்குக் கொடுப்பது என்பதை முகாம் குழுவே குலுக்கிப் போட்டு முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

குலுக்கல் என்றதும் குழுத் தலைவர் குலசேகரத்துக்குப் பழைய குலுக்கல்தான் ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் தையல் மெஷினுக்குக் குலுக்கியபோது சீட்டுகளைப் பிளாஸ்டிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். சில சீட்டு தடிப்பாக மடிக்கப்பட்டிருந்தது என்று ஒரு கதை கிளம்பியது. குடத்தைக் கலக்கியவரின் கை ஒரு பக்கமாகவே போனது என்று இன்னொரு கதை. எல்லாவற்றுக்கும் மேல், ராகுகாலம் தொடங்கிய பிறகுதான் கடைசி நாலு சீட்டை எடுத்தார்கள் என்றார்கள். அன்றைக்கு முறைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதில்லை.

குலசேகரம் சுபாஸ்கரனிடம் வந்து கம்ப்யூட்டரில் செய்துவிடச் சொன்னார். திரையில் எல்லாரும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கௌரி நல்ல நேரம் பத்தே முக்காலுக்குத் தொடங்குகிறது. ஒரு நொடி முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. யாரும் தொடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

“ஆற்ற கையும் படக் கூடாது தம்பி. உன்ர கையும்தான். கை பட்டால் கதை வரும்.”

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே அவனுக்குப் பட்டது.

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒரு எண்ணை நினைக்கத் தெரியாது. தொடக்கமாக ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்தால், அதை வைத்துக் கணக்குப் போட்டுத் தாறுமாறாகத் தெரியும் எண்களை வரிசையாகக் கொட்டும். அந்தத் தொடக்க எண்ணை விதை என்பார்கள். அதே விதையைப் போட்டால் அதே வரிசைதான் முளைக்கும், ஆயிரம் தடவை போட்டாலும். விதைக்கு அப்போதைய நேரத்தைக் கொடுக்கும்படி கல்லூரி லேபில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நொடிக்கு நொடி நேரம் மாறும், விதையும் மாறும். விளையாட்டுக்கும் பரீட்சைக்கும் அது போதும். அந்த ஒரு வரியை சுபாஸ்கரன் பதினைந்து வருடமாக யோசிக்காமல் எழுதி வந்தான். இதிலும் எழுதினான்.

ஒரு ஆள் பொத்தானை அழுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். மைக்கைச் சரிசெய்து, செருமி, சாமியை நினைத்து அழுத்துவதற்குள் நாலு நொடியோ நாற்பது நொடியோ போயிருக்கும். எந்த நொடி என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கை படக் கூடாது என்பதால், கடிகாரம் பத்து நாற்பத்தைந்தைத் தொட்டதும் புரோகிராம் தானே ஓடும்படி அவன் எழுதிவிட்டான். அந்த நேரம் நோட்டீஸாக அச்சாகி முகாம் முழுக்க ஒட்டப்பட்டிருந்தது. விதையைச் சுவரில் ஒட்டிவிட்டோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒத்திகை பார்த்தான். லேப்டாப்பின் கடிகாரத்தை மறுநாள் காலை பத்து நாற்பத்துமூன்றுக்குத் தள்ளிவைத்து, அவனும் மனைவி நிஷாந்தியும் காத்திருந்தார்கள். நேரம் வந்ததும் பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் பெயர் கனகேஸ்வரி. நண்டு கம்பெனியில் நண்டுச் சதை பிரிக்கும் மேசையில் நிஷாந்திக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். புருஷன் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் சாரம் சரிந்து இறந்துவிட்டார். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் கடைசி வரிசையில் அவருக்கு அறை. இரண்டாவது பெயர் நிரூபன். பத்தொன்பதாவது பெயர் சுபாஸ்கரன்.

நிஷாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசைக்கு இருக்கட்டும் என்று திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு வேற மாதிரி வரும்,” என்றான் சுபாஸ்கரன்.

“தெரியுமப்பா. படம் எடுக்கிறதுக்கும் குலுக்கல் வேணுமோ?” என்றாள் நிஷாந்தி.

அவனும் சிரித்தான். கடிகாரத்தைப் பழையபடி சரிசெய்து லேப்டாப்பை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே முகாமின் சமுதாயக்கூடம் நிறைந்து வாசல் வரை ஆள் நின்றது. கூட்டத்தின் மேல் வியர்வையும் சாம்பிராணியும் கலந்த வாடை. குலசேகரம் தன் போனையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒரே நேரம் காட்டுவதை மைக்கில் அறிவித்தார். சுபாஸ்கரன் மேசையிலிருந்து நாலு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கை படவில்லை என்பதை எல்லாரும் பார்க்க வேண்டும்.

பத்தே முக்கால். திரையில் முதல் பெயர் எழுந்தது. கனகேஸ்வரி.

கூடத்தின் நடுவில் அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கட்டிப்பிடித்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுபாஸ்கரனுக்கும் சந்தோஷமாக இருந்தது. நூற்றிமுப்பத்தொன்றில் ஒன்று, அப்படியும் ஒத்துப்போகலாம் என்று நினைத்தான். குலசேகரம் வீட்டு எண்ணைச் சொல்லி முடிக்க இருபது நொடி ஆயிற்று. இரண்டாவது பெயர் வந்தது. நிரூபன்.

அவன் கூட்டத்தில் நிஷாந்தியைத் தேடினான். அவள் திரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெயர் வந்தது, நான்காவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் விரல் போனில் ஒரு வரி கீழே இறங்கியது. ஐந்தாவது பெயருக்கு அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அந்த இடத்திலேயே அவனுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. நேற்றுத் தள்ளிவைத்த கடிகாரமும் இன்றைய கடிகாரமும் ஒரே நொடியில் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கின்றன. பட்டியல் மாறவில்லை, விதை மாறவில்லை. நாற்பத்தெட்டுப் பெயரும் அதே வரிசையில்தான் வரும். பத்தொன்பதாவது வரை விட்டால் போதும், ஒரு பெயருக்கு இருபது நொடி, இன்னும் ஐந்து நிமிடம்கூட இல்லை. தக்சிகாவுக்குக் காய்ந்த சுவர்.

நிஷாந்தி தலையை அசைத்தாள். நிறுத்த வேண்டாம் என்று அர்த்தம்.

அவன் இன்னும் ஆறு பெயர் வரை நின்றான். ஏன் ஆறு என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. பதினொன்றாவது பெயர் வாசித்து முடிந்ததும் நாலு அடி முன்னால் போய் லேப்டாப்பை நிறுத்தினான். திரை கறுத்தது.

கூடம் முதலில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தது. அவன் மைக்கை வாங்கி, புரோகிராமில் பிழை இருக்கிறது, எழுதியது தன் தவறு, இதே பட்டியல் நேற்றே தன் வீட்டில் வந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றான். சத்தம் அடங்க நேரமாயிற்று. நிரூபனுக்கு இருபத்தேழு வயது, மேசன் வேலை, வாய் துடுக்கு. நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டான்.

“அப்ப இவ்வளவு நேரமும் வாசிச்சது என்னண்ணை, ரேடியோச் செய்தியோ?”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

குலசேகரம் அவனைப் பக்கத்து அறைக்குள் இழுத்துப் போனார். நிஷாந்தியும் வந்தாள். போனிலிருந்த படத்தை அவர் கண்ணுக்கு எட்டவைத்தும் கிட்டவைத்தும் பார்த்தார். தேதி சனிக்கிழமை. பெயர்கள் அதே பெயர்கள். விரலால் எண்ணிக்கொண்டு போய்ப் பத்தொன்பதில் நின்றார்.

“உன்ர பேரும் கிடக்கு.”

“ஓம்.”

“தெரிஞ்சு செய்யேல்லைத்தானே? அப்ப விடு தம்பி. உப்பிடியே ஓடட்டும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

சுபாஸ்கரன் போனை வாங்கி நிஷாந்தியிடம் கொடுத்தான். பிறகு, தன் வீட்டுக்கு மட்டும் முதல் நாளே தெரிந்த குலுக்கல் குலுக்கல் ஆகாது என்றான். பட்டியலும் புரோகிராமும் கையிலிருந்த ஒருவன், தனக்கு வேண்டிய பெயர் வரும் வரை பட்டியலை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கலாம். தான் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டான். குலசேகரம் தன் போனில் மணியைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் திருத்தச் சொன்னார். நிஷாந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. இத்தனை வருடமும் வேறொரு நல்ல வழி அவன் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விசையில் விரல் படும் இடைவெளி, உள்ளே வந்து போகும் தகவல்களின் முன்பின், சிப்புக்குள் மின்சாரத்தின் ஓயாத நடுக்கம் என்று யாராலும் ஊகிக்க முடியாத அசைவுகளை எல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சேர்த்துச் சேர்த்துக் கலக்கி வைத்துக்கொண்டே இருக்கிறது. வங்கிகளின் ரகசியச் சாவிகளெல்லாம் அப்படிப்பட்ட கலவையிலிருந்துதான் பிறக்கின்றன. கேட்டால் கொடுக்கும். கடிகாரத்தையும் கேட்காது, நல்ல நேரத்தையும் கேட்காது. விதையின் வரியை அழித்துவிட்டு, எண்ணை அங்கிருந்து எடுத்துக்கொள் என்று எழுதினான். நாலு தடவை ஓட்டினான். நாலு தடவையும் நாலு வரிசை. மணி பதினொன்று இருபது.

திரும்பக் கூடத்துக்குள் வந்து இதையெல்லாம் அவன் மைக்கில் விளக்கியது பெரும் தவறாகப் போயிற்று. நடந்ததை நிரூபிக்க நிஷாந்தியின் போன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினான். தன் பெயரும் அதில் இருந்தது, அதை விட்டுக்கொடுத்துத்தான் நிறுத்தினேன் என்று அவர்களுக்குப் புரியும் என நினைத்தான். கூட்டம் பார்த்தது வேறு. குலுக்கலுக்கு ஒரு நாள் முன்பே சுபாஸ்கரனின் மனைவி போனில் முழுப் பட்டியல்.

“நேத்தே எழுதி வச்சிட்டாங்க, இண்டைக்கு எங்களுக்குப் படம் காட்டுறாங்க,” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

நல்ல நேரம் முடிய இருபது நிமிடமே இருந்ததால் குலசேகரம் வாக்குவாதத்தை வெட்டினார். இரண்டாவது குலுக்கல் ஓடியது. முதலில் வந்த பதினொரு பேரில் நாலு பேர் மறுபடி வந்தார்கள். நிரூபன் நாற்பதாவதாக வந்தான். அதன் பிறகு வாய் திறக்கவில்லை. கனகேஸ்வரி நூற்றிரண்டாவது. சுபாஸ்கரன் ஐம்பத்தேழு. வரிசையில் நாற்பத்தெட்டுக்கு மேல் வந்தவர்கள் காத்திருப்புப் பட்டியல் என்று குழு குறித்துக்கொண்டது. அடுத்த கட்டம் எப்போது என்று அறக்கட்டளைக்காரர்களுக்கே தெரியாது.

கனகேஸ்வரி யாரையும் திட்டவில்லை. கூட்டம் கலையும்போது சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தன் வரிசைக்கு நடந்து போனார்.

அதற்குப் பிறகு முகாமில் இரண்டு கதைகள் ஓடின. முதல் குலுக்கலில் தன் பெயர் வராது என்று தெரிந்துதான் சுபாஸ்கரன் நிறுத்தினான், படத்தைப் பிறகு உண்டாக்கினான் என்பது ஒன்று. முதலில் தனக்கு எழுதி வைத்தான், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நிறுத்தினான் என்பது மற்றது. ஒன்றுக்கொன்று முரணானவை. இரண்டையும் ஒரே ஆட்கள் நம்பினார்கள். ஐஸ் பேக்டரிக்காரர் பில் புரோகிராமை வேறு ஆளிடம் காட்டிச் சரிபார்த்தார். சேதி பூமிநாதன் காதுக்கும் போனது. அவர் கடையை மூடும் வரை பொறுத்திருந்து சொன்னார்.

“ஏப்பா சுபாசு, ஒண்ணு மொதல்லயே ஒழுங்கா எழுதியிருக்கணும். இல்ல, கடைசி மட்டும் வாய மூடியிருக்கணும். நடுவுல எந்திரிச்சு ரெண்டு பக்கமும் கெட்டுப்போனியே.”

தான் செய்தது சரிதான் என்று சுபாஸ்கரன் அவரிடம் சொன்னான். அன்றைக்கு அதை அவன் நம்பினான்.

வீட்டில் நிஷாந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நண்டு கம்பெனியில் கனகேஸ்வரி வேறு மேசைக்கு மாறிக்கொண்டார். முன்பெல்லாம் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவார்கள்; இப்போது நிஷாந்தி அரை மணி முன்னால் கிளம்பினாள். மேட்டு நிலத்தில் நாற்பத்தெட்டு வீட்டிலும் பால் காய்ச்சினார்கள். அழைப்பு எதுவும் இவர்களுக்கு வரவில்லை. ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. தக்சிகா மூன்று நாள் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல், கனகேஸ்வரி ராமநாதபுரம் கடைக்கு வந்தார். காத்திருப்புப் பட்டியலில் உள்ளவர்கள் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. ஊரில் வேறு பத்துக் கடை இருந்தும் அவர் இங்கேதான் வந்தார். சுபாஸ்கரன் நாற்காலி போட்டான். அவருடைய பெயர், குடும்ப அட்டை எண், இப்போதைய அறை எண் எல்லாவற்றையும் அவன் கேட்காமலே தட்டச்சு செய்தான். பிரின்டர் சூடாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் கேட்டார்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். மறைக்காமச் சொல்லு. முதல் தரம் எனக்கு விழுந்தது பிழையோ? என்ர பேரை ஆரும் போட்டவையோ?”

இல்லை என்றான். யாரும் போடவில்லை, அது தானாக வந்ததுதான்.

“ரெண்டாம் தரம் வந்ததும் தானா வந்ததுதானே?”

“ஓம் அக்கா.”

“ரெண்டும் ஒண்டுதான் எண்டால் ஏன் நிப்பாட்டினனீ?”

அவன் விதையைப் பற்றி மறுபடி தொடங்கினான். முதல் தடவை வரப்போவது தனக்கு முன்னாலேயே தெரிந்துபோயிற்று, அப்படித் தெரிந்த பிறகு அதைக் குலுக்கல் என்று சொல்ல முடியாது என்றான். அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பார்வை முழுக்க அவன் முகத்தின் மேல்தான்.

“உனக்குத் தெரிஞ்சுபோச்சு எண்டதுக்கு எனக்கேன் வீடில்லை?”

பிரின்டர் காகிதத்தைத் தள்ளியது. அவன் எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். அவர் நிதானமாகப் போட்டார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றும் முன்பே, கனகேஸ்வரி கடைக்கு வந்ததையும் அவர் கேட்டதையும் நிஷாந்தியிடம் ஒன்று விடாமல் சொன்னான். மூன்று மாதத்தில் அந்தக் குலுக்கல் பற்றி அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை. நிஷாந்தி தக்சிகாவின் நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“நீங்க என்ன சொன்னனீங்க?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“நானும் அவ கேட்டதைத்தான் கேக்க இருந்தனான்,” என்றாள் அவள். “என்னட்டையும் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

அவன் செருப்பைக் கழற்றி வெளியிலேயே விட்டுவிட்டு, உள்ளே இடமில்லாததால் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.